சென்னை சொன்னதைச் சென்னையே திருத்தியது: சௌம்யா சுவாமிநாதனின் காசநோய் ஆய்வுகள்

தாராசுரத்தை ஒட்டிய கும்பகோணத்தில் ஆனைக்கால் நோயை எதிர்த்து உழைத்தவர் மருத்துவர் எம்.கே. சாம்பசிவன். அவருடைய பேத்தி சௌம்யா சுவாமிநாதன், குழந்தை மருத்துவம் படித்துவிட்டு 1992இல் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் இயக்குநரானார். அந்த மையம் உலகத்துக்குச் சொன்ன இரண்டு பாடங்கள் அவர் காலத்தில் மறுபடி சோதிக்கப்பட்டன. அவருடைய பணியில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

முதலில் அந்தப் பாடங்கள். 1956இல் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் மையம் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுபாதியை வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியாசிட், பாஸ் மருந்துகள் ஓராண்டுக்கு. சானடோரியத்தில் சத்தான சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இடநெருக்கடி, குறைந்த சாப்பாடு, உழைப்பு. ஆனாலும் குணமடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959இல் முடிவு வெளியானது. படுக்கை கிடைக்காதவருக்கும் பிழைக்க வழி உண்டு என்பது அன்று சாதாரணச் செய்தி அல்ல. 1964இல் அடுத்த பாடம் வந்தது: மருந்தைத் தினமும் தர வேண்டியதில்லை, மேற்பார்வையில் வாரம் இருமுறை கொடுத்தாலும் பலிக்கும். பின்னாளில் வந்த, மேற்பார்வையில் மருந்து தரும் டாட்ஸ் முறைக்கு இதுவும் ஓர் அடித்தளம்.

எச்.ஐ.வி. வந்தபின் இரண்டாவது பாடம் ஆட்டம் கண்டது. காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தவர்களிடம் சௌம்யாவும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. தினமும் மருந்து சாப்பிட்டவர்களில் 91 சதவீதத்தினருக்கு நல்ல பலன். வாரம் மூன்று நாள் சாப்பிட்டவர்களில் 77 சதவீதத்தினருக்கே. ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமி பழகிப்போவதும் இடைவெளி விட்ட முறையில்தான் தென்பட்டது. நாடு 2017இலேயே தினசரி மருந்துக்கு மாறத் தொடங்கியிருந்தது.

முதல் பாடத்தை மறுபடி யோசிக்க வைத்தவர்கள் குழந்தைகள். அவர்களிடம் நோயைக் கண்டறிவதே கடினம். சளியைத் துப்பத் தெரியாது. இரைப்பை நீரை எடுத்துக் கிருமியைத் தேட வேண்டும், அதிலும் பல நேரம் கிடைக்காது. சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாக இருப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஊட்டம் குறைந்த பிள்ளைகளிடமும் சில மருந்துகள் அப்படியே. ஆக, மருந்து போதும் என்ற முதல் பாடத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டை ஒதுக்கிவிட முடியாது. 1959இன் ஆய்வு அப்படிச் சொல்லவும் இல்லை. நோயாளி குணமாவதைத்தான் அது அளந்தது. பசித்த வீட்டில் அடுத்தவருக்கு நோய் வராமல் உணவு தடுக்குமா என்பது அதன் கேள்வியே அல்ல.

அந்தக் கேள்விக்கு விடை ஜார்க்கண்டிலிருந்து வந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் சௌம்யாவும் பங்கேற்றார். நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். 2023இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

மறுபடி கும்பகோணம் பக்கம் வந்தால், நெல் விளையும் காவிரிக் கரையில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ரேஷன் கடையில் துவரம்பருப்போ குடும்ப அட்டைக்கு 1 கிலோதான். அரசின் மாதம் 1,000 ரூபாய் உதவி நோயாளியின் கணக்கில் சேர்கிறது. தாராசுரத்தின் தறி வீடுகளில் காசநோய் கண்டால், மருந்தோடு சேர்த்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஆள் கணக்கில் பருப்பு வழங்க அரசு ஆணையிட வேண்டும்.