நோயின் கடுமையும் பரம்பரையும்

ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே உலைச்சோறுண்டு, ஒரே நோய்க்கு ஆளாகிய உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் மூன்றாம் நாள் எழுந்து நடமாடுவதும் மற்றவர் உயிர் துறப்பதும் உலகம் நெடுங்காலமாகக் கண்டுவரும் காட்சியாகும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஊழென்றும் தெய்வக்குற்றமென்றும் முன்னோர் கூறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியரோ ‘இனம்’ என்னும் சொல்லையே விடையாக வைத்தனர். அவ்விடை எத்துணைப் பிழையுடையது என்பதையும், அதனைக் கைவிட்ட பின்னரும் பரம்பரைக்கு நோயில் ஓரிடம் உண்டென்பது எங்ஙனம் நிறுவப்பட்டது என்பதையும் வரலாற்று நெறிநின்று ஆராய்தல் தகும்.

பிஜித் தீவுகள் 1874ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திற் பிரித்தானிய முடிக்கு உரியனவாயின. அத்தீவுகளின் தலைவராய் விளங்கிய தக்கொம்பாவு சிட்னி நகருக்குச் சென்று, 1875 சனவரியில் ‘டைடோ’ என்னும் போர்க்கப்பலில் மீண்டார். சிட்னியில் அவரைச் சின்னமுத்து பற்றியிருந்தது, ஆயினும் தேறிவிட்டார். உடன் வந்தோருட் சிலருக்கு நோய் கண்டிருந்தும் கப்பல் தடுத்து வைக்கப்படவில்லை. அவரைக் காணத் திரண்ட சிற்றூர்த் தலைவர்கள் நோயையும் உடன்கொண்டு தத்தம் ஊர்க்கு ஏகினர். சில திங்களுள் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். மக்கட்டொகையில் நாலிலொரு பங்கினர் அழிந்தனர் எனக் கணிப்பர்.

தீவினர் இயல்பிலே வலிகுன்றிய இனத்தவர், நாகரிகத்தின் முன் மறையவேண்டியவர் என்னும் கருத்து அக்காலத்திற் பலர்க்கும் வசதியாயிருந்தது. ஆளவந்தார் தம் கவனக்குறைவை மறைத்தற்கு இதனினும் ஏற்ற திரை பிறிதில்லை. உண்மை வேறு. சின்னமுத்து அத்தீவுகளுக்கு முன்னர் வந்ததில்லை. ஆதலின் முதியோர் உட்பட எவரிடத்தும் அதற்கு நிர்ப்பீடனம் இருக்கவில்லை. ஊர் முழுதும் ஒருங்கே பாயிற் கிடந்தமையால் நீர் முகந்து கொடுப்பாரும் கஞ்சி காய்ச்சுவாரும் இலராயினர். அதே இனத்தவராகிய தக்கொம்பாவு அதே நோயிலிருந்து பிழைத்தமை ஈண்டு நினைத்தற்குரியது.

இனக்கொள்கை பொய்யெனவே, பரம்பரைக்கு நோயில் இடமே இல்லையென முடிவு செய்வாரும் உளர். அதுவும் பொருந்தாது. 1957ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்சு, இலிண்டன்மன் என்னும் அறிஞர் இருவர் இன்டர்பெரோன் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். வைரசு புகுந்த கலம் அயற்கலங்களுக்கு அபாயம் உணர்த்தும் பொருட்டு வெளிவிடும் புரதம் அது. கொவிட்–19 பரவிய 2020ஆம் ஆண்டில், உயிருக்கு ஆபத்தான நிலையை எய்திய 659 நோயாளரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது, அவருள் 23 பேரிடத்து இவ்வபாய அறிவிப்பு முறையையே ஊனப்படுத்தும் குறைபாடுகள் காணப்பட்டன. அவருட் பலர் அதற்குமுன் கடும் வைரசு நோய் எதனாலும் மருத்துவமனை புகாதவர்.

இதனினும் வியப்புக்குரிய செய்தி அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது. இத்தாலியிலும் இசுப்பானியாவிலும் ஏழு மருத்துவமனைகளில் மூச்சுத்திணறலுற்றுக் கிடந்தோரை நலமுடையாரோடு ஒப்பிட்ட ஆய்வாளர், மனிதனின் 23 சோடி நிறமூர்த்தங்களுள் மூன்றாவதில் ஒரு சிறு பகுதி நோயின் கடுமையோடு தொடர்புடைத்தெனக் கண்டனர். ஏறத்தாழ 50,000 எழுத்துகள் நீளமுள்ள அப்பகுதி எங்கிருந்து வந்தது? செபர்க், பேபோ என்னும் அறிஞர் இருவர் அதற்கு விடை கண்டனர். குரோவேசியாவின் விண்டியாக் குகையிற் கிடைத்த, ஏறத்தாழ 50,000 ஆண்டுகட்கு முற்பட்ட நியண்டதாற் பெண்ணொருத்தியின் எலும்பிலும் அதே எழுத்துவரிசை இருந்தது!

நியண்டதால் மனிதன் யேர்மனியில் 1856ஆம் ஆண்டில் எலும்பாக வெளிப்பட்டவன். அவன் எச்சமின்றி மறைந்தான் எனவே பலரும் நெடுங்காலம் எண்ணினர். பேபோவும் அவர்தம் குழுவினரும் 2010இல் அவனது பரம்பரைச் சுவடியைப் பெரும்பாலும் படித்து வெளியிட்டபின், ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடத்து அதிற் சிறுகூறு இன்றும் உளதென்பது புலனாயிற்று. அப்பணிக்காகவே பேபோவுக்கு 2022இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. பன்னூறு தலைமுறைகட்கு முன் நிகழ்ந்த ஒரு மணவுறவு, இருபத்தோராம் நூற்றாண்டின் மருத்துவமனைக் கட்டிலில் ஒருவன் விடும் மூச்சைப் பாதித்தது எனலாம்.

இக்கூற்றினை உடையோர் ஐரோப்பாவில் நூற்றுக்கு 16 பேர். தென்னாசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேர். வங்காளதேசத்தில் 63 பேர். கிழக்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் அஃது இல்லையென்னுமளவு அரிது. இத்தகைய கணக்கீடுகட்கு ஆதாரமான ‘ஆயிரம் சுவடித் திட்டம்’ 26 மக்கட் கூட்டத்தாரிடமிருந்து திரட்டப்பட்டது. அவருள் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு கூட்டத்தார் என்பது இந்நாட்டு மாணவர் அறியவேண்டியது.

இவ்வெண்களைக் கண்டு பழைய இனக்கொள்கை மீண்டும் தலைதூக்குதல் கூடும். அதற்கு இவ்வெண்களே மறுப்பாகும். ஓரூரிற் பாதிப்பேர் உடையதும் மறுபாதியினர் இலாததுமான ஒன்று அவ்வூரின் இன இயல்பாதல் எங்ஙனம்? உடன்பிறந்தாருள்ளும் ஒருவர்க்கு அது வாய்க்க மற்றவர்க்கு வாயாதொழிதல் உண்டு. மேலும், அக்கூற்றின் ஒரு பிரதி கடும்நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக உயர்த்துவதேயாம். எண்பதைக் கடந்த முதியவர்க்கும் இருபது வயது இளைஞர்க்கும் இடையே அந்நோயிற் கண்ட வேறுபாட்டின் முன் அது மிகச் சிறிது. நெருக்கமான வீடும் பிந்திய மருத்துவமும் பிஜித் தீவிற்போலவே இங்கும் தம் பங்கைச் செய்தன.

நியண்டதாலர் விட்டுச்சென்றது தீங்கு மட்டுமன்று. பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில் அவர்வழி வந்த வேறொரு பகுதி கடும் கொவிட் நோய்க்கான வாய்ப்பை ஐந்திலொரு பங்களவு குறைப்பதாக 2021இல் அவ்விரு அறிஞரே எழுதினர். இனி, தீயதெனப்பட்ட மூன்றாம் நிறமூர்த்தப் பகுதியோ, எச்.ஐ.வி. வைரசு கலத்துட் புகுதற்குப் பயன்படுத்தும் ஒரு வாயிலுக்கு அயலில் அமைந்துள்ளது. அப்பகுதியை உடையார்க்கு அவ்வைரசு தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 27 அளவு குறைவென 2022இற் செபர்க் கண்டறிந்தார். எச்.ஐ.வி. மனிதரிடையே பரவத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டிலேயே. ஆதலின் அப்பகுதி பண்டைக்காலத்து நிலைபெற்றமைக்குக் காரணம் அவ்விரு நோய்களுமல்லாத வேறொன்றாதல் வேண்டும்.