ஐந்தாவது நிமிடத்தில் வரும் 497வது நாள்

கணினியின் வரலாற்றைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகத்தான் பெரும்பாலும் வாசிக்கிறோம். எனக்கென்னமோ பிழைகளின் வரலாறுதான் சுவாரஸ்யமாகப் படுகிறது. அதிலும், பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பிழைகள்.

விண்டோஸ் 95 வெளியானது 1995 ஆகஸ்டில். அணைக்காமல் 49.7 நாள் ஓடினால் அது உறைந்துபோகும் என்று வெளியே தெரிய 1999 ஆனது. மில்லிசெகண்டுகளை 32 பிட்டில் எண்ணினால் 4,294,967,295 வரைதான் போக முடியும். அடுத்தது சுழியம். பழைய கார் மீட்டர் 99,999க்குப் பிறகு 00000 காட்டுமே, அதே கதை. இத்தனை வருஷம் ஏன் யாரும் கவனிக்கவில்லை? அவ்வளவு நாள் நிற்காமல் ஓடிய விண்டோஸ் கணினிகள் அபூர்வம்!

திறமூல லினக்ஸிலும் இந்தச் சங்கதி இருந்தது. வன்பொருள் டைமர் ஒவ்வொரு முறை தட்டும்போதும் கெர்னல் 'ஜிஃபீஸ்' என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். பழைய இன்டெல் கணினிகளில் செகண்டுக்கு 100 தட்டு. ஆக, 497 நாளில் எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பிவிடும். கெடுவோ பெரிய எண்ணாகவே நிற்கும். 'இப்போதைய எண் கெடுவைத் தாண்டிவிட்டதா?' என்று நேராக ஒப்பிடும் டிரைவர் அன்றைக்கு ஏமாறும்; இன்னொரு 497 நாள்கூடக் காத்துக்கொண்டிருக்கும்.

திருத்தம் ஒரு வரிதான். இரண்டு எண்களையும் ஒப்பிடாதே. கழித்துப் பார், விடை நெகட்டிவா பாசிட்டிவா என்று மட்டும் கவனி. ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளில் எது தவறாக ஒப்பிடுகிறது என்று பார்க்க யார் 497 நாள் காத்திருப்பது?

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இதற்கு விடை இருக்கிறது. அதில் ஜிஃபீஸ் சுழியத்தில் தொடங்குவதில்லை. சுழியத்துக்குத் திரும்ப 300 செகண்ட் இருக்கும்போது தொடங்குகிறது. கணினியைப் போட்ட ஐந்தாவது நிமிடத்திலேயே அந்த நாள் வந்துவிடும். தவறாக எழுதிய டிரைவர், எழுதியவரின் மேசையிலேயே மாட்டிக்கொள்ளும்.

இது வெறும் கெட்டிக்காரத்தனம் இல்லை. போயிங் 787இன் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளிலும் இப்படி ஓர் எண்ணிக்கை நிரம்பும் என்று 2015இல் அமெரிக்க விமானத்துறை எச்சரித்தது. 248 நாள் தொடர்ந்து மின்சாரத்திலேயே இருந்தால் விமானத்தின் மாறுதிசை மின்சாரம் முழுவதும் போய்விடலாம், பறந்துகொண்டிருக்கும்போதுகூட. அப்போதைக்குச் சொன்ன வழி, அந்த நாள் வருமுன் மின்சாரத்தை அணைத்துப் போடுவதுதான். அணைக்கவே தேவையில்லை என்று நாம் நம்பி விட்டிருக்கும் இயந்திரத்தைத்தான் இந்தவகைப் பிழை பிடிக்கிறது.

லினக்ஸின் அந்த வரி இன்றும் கெர்னலில் இருக்கிறது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்ட் போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். போனைப் போட்டு ஐந்து நிமிடம் ஆனதும் ஜிஃபீஸ் 32 பிட் எல்லையைக் கடக்கிறது. நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை.