அப்பாவின் மர்பி ரேடியோ

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் மர்பி வால்வு ரேடியோவை இறக்கினேன். 1974க்குப் பிறகு அது பாடியதே இல்லை. காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அந்த மெக்கானிக் திருடிட்டான்."

நம் தலைமுறைக்கு ரேடியோ வீட்டு உறுப்பினர் மாதிரி. சென்னையில் 1924லேயே மதராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கிவிட்டார்கள். 1930ல் மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. 1957ல் விவித் பாரதி. இலங்கை வானொலியைச் சொல்லவே வேண்டாம். அப்போதெல்லாம் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்கவேண்டியிருந்தது. ஏரியல் என்று கம்பி வலையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கட்டியிருப்போமே, ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் ரேடியோ கெட்டால்தான் சங்கடம். உள்ளே 250 வோல்ட் ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வீட்டில் யாரும் தொடமுடியாது. ஆகவே மெக்கானிக் சொல்வதே வேதம். "வால்வு போச்சு" என்றால் போச்சு. உண்மையா என்று பார்க்க நமக்கு வழியில்லை. அந்தத் தொழிலின் மேல் இருந்த சந்தேகமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் அப்பா இரைச்சலுக்காகக் கொடுத்தார். இரைச்சல் நின்றது. இரண்டே வாரத்தில் குரல் கரகரத்தது. ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டான் என்று அப்பா முடிவு கட்டினார். கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். தெருவே கேட்டது. அவர் பதில் பேசவில்லை. எனக்கு அப்போது இருபது வயது, அப்பா பக்கத்தில் நின்றேன்.

இப்போது ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறினேன். ஒருவர் "தூக்கிப் போடுங்க சார்" என்றார். இன்னொருவர் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு புளூடூத் போர்டு வைத்துத் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் சினிமா ஷூட்டிங்குக்கு விலைக்குக் கேட்டார்! கடைசியில் ஒரு நண்பர் பெரம்பூரில் ஒரு பெரியவரைக் காட்டினார். ஐ.டி.ஐ.யில் ரேடியோ படித்தவர், எழுபத்தைந்து தாண்டியவர். பவர் கொடுத்து வோல்ட்டேஜ் பார்க்கும்போது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே கை வைத்தார். பழைய வழக்கமாம், ஷாக் அடித்தாலும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போகாது.

நான் டிரான்ஸ்ஃபார்மர் கதையைச் சொன்னேன். டார்ச் அடித்துக் காட்டினார்.

"இதை யாரும் கழட்டவே இல்ல சார். கம்பெனி பத்து அப்படியே இருக்கு பாருங்க. பவர் கண்டென்சர் மட்டும் புதுசு. ஒழுங்காத்தான் போட்டிருக்கார்."

"அப்புறம் ஏன் கரகரத்தது?"

"இதோ, இந்த மெழுகுக் காகிதக் கண்டென்சர். லீக் ஆகி அவுட்புட் வால்வுக்கு வோல்ட்டேஜ் தப்பா போயிருக்கு. அது தனி ரிப்பேர். திரும்ப எடுத்துப் போயிருந்தா பத்து நிமிஷ வேலை."

அப்பா இல்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வேலை முடிந்ததும், கேட்காமலே, கழற்றிய பழைய பாகங்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நல்ல மெக்கானிக்குக்கு அடையாளம் அதுதான் என்பேன்.

மறுநாள் திருவல்லிக்கேணிக்குப் போனேன். அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பக்கத்துப் பூக்கார அம்மாவுக்கு மட்டும் லேசாக ஞாபகம்: "ரேடியோக்காரரா? வியாபாரம் படுத்துப்போச்சுன்னு ஊருக்கே போயிட்டாரே, ரொம்ப வருஷம் ஆச்சு." எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

ரேடியோ இப்போது கூடத்தில் இருக்கிறது. சென்னை ஏ, 720 கிலோஹெர்ட்ஸ், தெளிவாக எடுக்கிறது.