மறக்கும் இயந்திரமும் 555 புத்தகமும்

சிராங்கூன் சாலை போன்ற இடங்களில் மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கிய குடும்பங்கள், அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டை ஒரு காலத்தில் நன்கு அறிந்திருந்தன. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்த எண்ணே கடன் கணக்குக்குப் பெயராக வழங்கிற்று. இன்று அரிசி, நாளை எண்ணெய் என்று எழுதிக்கொண்டே வந்து, சம்பள நாளில் கூட்டிப் பார்ப்பர். புத்தகம் கடைக்காரரின் மேசையில் இருப்பதும் உண்டு. வாடிக்கையாளரின் கையில் இருப்பதும் உண்டு. யாரிடம் இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஆயினும் இதே கேள்விதான் 1990களில் இணையத்தை அமைத்தவர்களின் முன் வேறோர் உருவில் வந்து நின்றது.

சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ் லீ வகுத்த வலைமுறையில், கேட்கும் கணினிக்கும் கொடுக்கும் கணினிக்கும் இடையே உள்ள உறவு மிகக் குறுகியது. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கிறார். சர்வர் அதனை அனுப்புகிறது. அத்துடன் கேட்டவரை மறந்துவிடுகிறது. அடுத்த விநாடியே அவர் இன்னொரு பக்கம் கேட்டாலும் அவர் புதியவரே. இதனைக் குறை என்று சொல்லிவிட முடியாது. படிப்பதற்கு இந்த மறதி தடையன்று. 1995 அக்டோபரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றியபோது, படிப்பவர் யார், முன்பு எந்தப் பக்கம் பார்த்தார் என்று சர்வர் அறியவேண்டிய தேவை எழவில்லை. பக்கம் திறந்தது; தமிழ் தெரிந்தது; அன்று அதுவே பெரிய காரியம்.

வாணிபம் புகுந்தபோதுதான் இடர் வந்தது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை காலியாகிவிடும் கடையில் யார் வாங்குவார்? 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி இதற்கு வழி கண்டார். இணையக் கடை ஒன்றை அமைக்க விரும்பிய எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம், முடிவுறாத கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க விரும்பவில்லை. ஆகவே விவரத்தை வாடிக்கையாளரின் உலாவியிலேயே ஒரு சீட்டாக வைத்து, ஒவ்வொரு முறை வரும்போதும் அதனைக் காட்டச் செய்தார். குக்கீ என்ற பெயர் பழைய கணினியாளர் வழக்கிலிருந்து எடுத்தது. தின்பண்டத்துக்கும் இதற்கும் தொடர்பைத் தேடிக் களைக்க வேண்டாம்.

விவரம் முழுவதையும் சீட்டில் எழுதுவதைவிட, சீட்டில் ஓர் எண்ணை மட்டும் எழுதி, விவரத்தைச் சர்வரில் வைத்துக்கொள்ளும் முறையும் விரைவில் வந்தது. இதனைச் செஷன் என்பர். டோபி காட் என்னும் இடத்துக்குப் பெயர் தந்த சலவைத் தொழிலாளர் மரபில் இதற்கு ஒப்பான செயல் ஒன்று உண்டு. இந்தியச் சலவையாளர் சேங்கொட்டைச் சாற்றினால் துணியின் ஓரத்தில் சிறு குறி இடுவர். குறியைப் பார்த்து வீட்டுக்காரரின் பெயரைப் பிறர் அறிய முடியாது. சலவையாளருக்கு மட்டும் அது ஒரு வீடு. துவைப்பவர், உலர்த்துபவர், பெட்டி போடுபவர் என்று எத்தனை கை மாறினாலும் துணி தவறாமல் உரிய வீடு சேரும். இன்று மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் அந்த நிலையத்தில் நின்று கைபேசியைத் தடவுவோர், அதே வகைக் குறிகள் பலவற்றைத் தம் கைபேசியிலேயே சுமந்து நடக்கின்றனர்.

கை மாறுதல் என்பது இங்கே வெறும் உவமையன்று. இணையச் செயலி ஒன்றில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிச் செயற்கூறு இருக்கும். பெயரை வாங்குவது ஒன்று, முகவரியை வாங்குவது ஒன்று, ரசீது தருவது ஒன்று. முதலாவது அறிந்ததை மூன்றாவது எவ்வாறு அறிவது? புதிதாக நிரல் எழுதுபவர் பலரும் செய்யும் பிழை, எல்லாச் செயற்கூறுகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் பெயரை எழுதிவைப்பதாகும். வகுப்பறையில் ஒரே கரும்பலகையில் எல்லா மாணவரும் தத்தம் விடையை எழுதுவதற்கு இது சமானம். ஒரு மாணவன் மட்டும் இருக்கும்வரை குறை தெரியாது. அதனால்தான் நிரலை எழுதியவர் தனியே சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே நடக்கும். இரண்டாமவர் வந்ததும் முதல்வரின் பெயர் அழிந்துவிடும்; அதைவிடக் கேடாக, ஒருவருடைய விவரத்தை மற்றவர் படிப்பார். மேலும், கூட்டம் மிகுந்த தளத்தில் ஒரே நிரலின் பல படிகள் ஒருங்கே ஓடும். ஒரு படியின் கரும்பலகையில் எழுதியது அடுத்த படிக்குத் தெரியாது. செஷன் என்பது ஒவ்வொரு மாணவனுக்கும் தனிச் சிலேட்டு.

ஒருவருடைய சிலேட்டு மற்றவர் கைக்குப் போனால் விளைவதை 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் காட்டிற்று. ஒருவருக்கென ஆக்கிய பக்கங்கள் தற்காலிகச் சேமிப்பில் தங்கி, பிறருக்கு அளிக்கப்பட்டன. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் இவ்வாறு பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே தெரிவித்தது.

இனி 555 புத்தகத்தின் கேள்விக்கு வருவோம். நிரலாளர் கையாளும் இரு கருவிகள் இதற்கு இரு விடைகள் தருகின்றன. 2005இல் வெளியான ஜாங்கோ, வேறு ஏற்பாடு செய்யாதவரை, விவரத்தைச் சர்வரின் தரவுத்தளத்தில் வைத்து, எண்ணை மட்டும் உலாவிக்குக் கொடுக்கிறது. 2010இல் வெளியான ஃபிளாஸ்க், புத்தகத்தையே வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுகிறது. ஐந்து வெள்ளியை அவர் இரண்டாகத் திருத்திவிட்டால்? அதற்காகவே சர்வர் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறது. ஓர் எழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது. ஆனால் கையொப்பம் திருத்தத்தைத் தடுக்குமேயன்றிப் படிப்பதைத் தடுக்காது. இதை உணராமல் அந்தரங்கச் செய்திகளை அதில் எழுதுவது தவறு.

எந்த முறையானாலும் சீட்டு களவு போனால் நிலைமை ஒன்றே. சலவையாளர் துணியின் குறியையும் அறிவார், வீட்டாரின் முகத்தையும் அறிவார். சர்வருக்கு முகம் தெரியாது. சீட்டைக் காட்டுபவரே ஆள். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற சிறு கருவியை வெளியிட்டு, பூட்டில்லாத பொது வைஃபையில் அருகிருப்போரின் சீட்டைப் பிறர் எளிதில் கவரலாம் என்று மெய்ப்பித்தார். பொது இடங்களில் இலவச வைஃபை தரும் திட்டம் சிங்கப்பூரில் 2006 டிசம்பரிலேயே தொடங்கியிருந்தது. ஆகவே செய்தி இங்கும் அயலான செய்தியன்று. பெருந்தளங்கள் பின்னர், கடவுச்சொல் கேட்கும் முதற்பக்கத்தை மட்டுமின்றி எல்லாப் பக்கங்களையும் மறைகுறியாக்கி அனுப்பத் தலைப்பட்டன.

சிங்கப்பூரில் 2003இல் தொடங்கிய சிங்பாஸ் மத்திய சேமநிதி, வரி, வீடமைப்பு எனப் பல அரசு வாயில்களுக்கு ஒரே சாவியாயிற்று. 2014இல் 1,560 கணக்குகளில் அத்துமீறல் நடந்திருக்கலாம் என்று தெரியவந்தது. 2015இல் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்தது. இது வாயிலைக் காப்பது. வாயிலைக் கடந்தபின் அந்தந்தத் தளம் தரும் சீட்டே பேசும். சிறிது நேரம் தொடாதிருந்தால் தளம் வெளியேற்றிவிடுகிறதே என்று முதியோர் சலித்துக்கொள்வது நியாயமே. ஆனால் அந்தச் சீட்டின் ஆயுள் குறுகியிருப்பது அவர்களுக்காகவே.

பெயரும் சாவியும் வேறு என்பதை இந்நாட்டார் வேறொரு வழியிலும் கற்றனர். 2024 டிசம்பர் 9 அன்று நிறுவனப் பதிவுகளுக்கான பிஸ்ஃபைல் தளம் புதுப்பிக்கப்பட்டபோது, அதில் தேடியவர்களுக்கு அடையாள அட்டை எண்கள் முழுமையாகத் தெரிந்தன, மக்கள் கலங்கினர். அட்டை எண் பெயரைப் போன்றது, அதனைக் கடவுச்சொல்லாகக் கொள்ளலாகாது என்று அரசு விளக்கிற்று. செஷன் எண்ணில் அந்தப் பிரிவினை இல்லை. அது பெயராகவும் சாவியாகவும் ஒருசேர நிற்கிறது. ஆதலால் அதனை எவரும் ஊகிக்க முடியாதபடி நீண்டதாக ஆக்குகின்றனர். ஒருவர் உள்நுழைந்தவுடன் பழைய எண்ணை நீக்கிப் புதியதைத் தருகின்றனர். வெளியேறும்போது ஜாங்கோ தன் தரவுத்தளத்திலிருந்து அந்தக் கணக்கையே அழித்துவிடும். பின்னர் அந்த எண்ணைக் கொண்டுவருபவருக்கு எதுவும் கிட்டாது. ஃபிளாஸ்க்கின் சீட்டு அவ்வாறன்று. உலாவியிலிருந்து அது நீங்கினாலும், அதற்குமுன் எவரேனும் படியெடுத்து வைத்திருந்தால், அந்தப் படியின் கையொப்பம் இன்னமும் பொருந்தும்.