நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள்?

சற்று நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கிரானில் நாம் முன்னர் படிப்பித்த மாணவர் ஒருவர் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரிய தட்டின் நடுவில் சோறு, சின்னக் கிண்ணத்தில் பருப்பு, பக்கத்தில் உருளைக்கிழங்குக் கறி, கீரை, ஓரத்தில் அச்சாறு. அவரோடு வேலை செய்யும் நேபாள நண்பர் குடும்பத்தோடு அங்கே வாடகை வீட்டில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை லீவில் எங்கள் மாணவரையும், அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஓட்டமாவடித் தம்பி ஒருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேபாளிகளின் அன்றாடச் சாப்பாடு அதுதான். "டால் பாத்" என்பார்கள். டால் பருப்பு, பாத் சோறு. "குந்துருக்" என்று ஒன்றும் வைத்தார்களாம். கடுகு இலையைப் புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்து எடுத்து வைப்பது. கொறுக்காப்புளி போட்ட மாதிரி ஒரு புளிப்பு என்று எழுதியிருந்தார்.

சமைக்க முன்னம் அந்த வீட்டு அக்கா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள்?"

படத்துக்குக் கீழே மாணவர் எழுதியது இது: "சேர், நானும் இந்தப் பொடியனும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஒண்டா இருந்து ஒரு வீட்டுச் சோறு தின்ன கட்டாருக்கு வர வேண்டியிருந்திச்சு. ஊரில ஏன் முடியல்ல?"

இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தோம். முடியவில்லை. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்த நேபாளத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1854இல், ஜங் பகதூர் ராணாவின் ஆட்சியில், நேபாளத்தில் "முலுக்கி ஐன்" என்ற சட்டக்கோவை வந்தது. யார் கையால் தண்ணீர் வாங்கலாம், யார் சமைத்த சோற்றைச் சாப்பிடலாம் என்பதை அரசாங்கமே சாதிவாரியாக எழுதி வைத்தது. தண்ணீர் வாங்கக்கூடாதவர்கள் என்ற பிரிவுக்குள் முஸ்லிம்களும் ஐரோப்பியரும் இருந்தார்கள். 1963இல் வந்த புதிய சட்டம்தான் அந்தச் சாதி அடுக்கைச் சட்டத்திலிருந்து எடுத்தது. ஒருவர் வாய் வைத்ததை "ஜுட்டோ" என்பார்கள். நமது "எச்சில்" என்ற சொல்லின் அதே பொருள். இன்றும் பல வீடுகளில் அதைப் பார்ப்பார்கள். அந்த அக்காவின் பாட்டி காலத்தில் ஒரு முஸ்லிம் பொடியனை வீட்டுக்குள் இருத்திச் சோறு போட்டு, தாங்களும் கூட இருந்து சாப்பிடுவது இலேசான காரியமாக இருந்திருக்காது.

நமது பகுதியில் அப்படி எழுதிய சட்டம் இருக்கவில்லை. எழுதாத வழக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

மட்டக்களப்பில் தமிழரையும் முஸ்லிம்களையும் "பிட்டும் தேங்காய்ப்பூவும்" என்று சொல்வது எல்லோருக்கும் தெரியும். பிட்டுக் குழலுக்குள் ஒரு பிடி மா, ஒரு பிடி பூ என்று மாறி மாறிப் போடுவது போல ஊர்களும் மாறி மாறி இருக்கின்றன. ஏறாவூரிலிருந்து வடக்கே வாருங்கள். செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி, கிரான் கடந்து வாழைச்சேனை, ஓட்டமாவடி. இந்தப் பாதைக்கே ஒரு பழைய கதை உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை நடந்ததாகவும், பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் முக்குவருக்கு உதவியதாகவும், திமிலரை வெருகல் வரை துரத்தியதாகவும், நன்றியாகப் பட்டாணியருக்கு ஏறாவூரில் நிலமும் பெண்ணும் கொடுத்ததாகவும் சொல்வார்கள். இது ஐதீகம். சாசனம் போல எடுக்க முடியாது. ஆனால் இரண்டு சமூகத்தாரும் ஒரே கதையைத் தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள் என்பது வரலாறு.

எழுத்தில் இருக்கும் செய்தியும் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். வந்தவர்கள் இங்குள்ள தாய்வழிக் குடிமுறைக்குள் சேர்ந்துகொண்டார்கள். அதனால்தான் இன்றும் கிழக்கில் தமிழருக்கும் குடி உண்டு, முஸ்லிம்களுக்கும் குடி உண்டு. இரண்டு பக்கமும் குடி தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆராயத் தொடங்கி, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

வீட்டின் அமைப்பு ஒன்று என்றால் அடுப்படியின் அதிகாரமும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் அடுப்படி தாயினதும் மகளினதும் கையில் இருந்தது. வேலிக்கு மேலால் கோப்பை கைமாறியதும் அவர்களால்தான்.

எங்கள் மூத்தும்மா சொன்னதை எழுதுகிறோம். பொங்கலுக்குப் பக்கத்து வளவுப் பெத்தா புக்கை அனுப்புவாவாம். கோப்பையைத் தரும்போது ஒரு வார்த்தை சொல்வாவாம்: "படைக்க முன்னம் எடுத்து வச்சது புள்ள." தெய்வத்துக்குப் படைத்ததை நாங்கள் உண்பதில்லை என்பது அவவுக்குத் தெரியும். யாரும் கேட்காமலே முதல் அகப்பையை எங்களுக்கென்று தனியே வைத்துவிடுவா. பெருநாளுக்கு இங்கிருந்து போகும் கோப்பையிலும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. மாட்டிறைச்சி ஆக்கிய சட்டியின் அகப்பை அந்தக் கோப்பையில் படாது. பெத்தா வீட்டில் கோழிக்கறி என்றால், கோழியை எங்கள் மூத்தவாப்பாவிடம் அறுக்கக் கொண்டுவருவார்கள். அறுத்த கோழி அவர்கள் சட்டியில் வேகும். அதில் ஒரு பங்கு எங்களுக்கு வரும்.

வயல் காலத்தில் இது இன்னும் இலேசு. குடும்பிமலைப் பக்கமும் புலிபாய்ந்தகல் பக்கமும் வயல்வாடியில் காவலுக்கு இருந்தவர்களில் இரு சமூகத்தாரும் உண்டு. வாடியில் ஒரு அடுப்பு, ஒரு சட்டி. என்ன ஆக்கினார்கள்? குளத்து மீன், ஆற்று இறால், கருவாடு. மீனுக்கு அறுப்புத் தேவையில்லை. ஹலாலா இல்லையா என்ற பேச்சே வராது. மாடு உண்ணாதவருக்கும் மீன் ஆகும். அதற்கு மேல் எருமைத் தயிர். சோறு, மீன் ஆணம், தயிர். இந்த மூன்றுக்கும் வேலி இல்லை. நமது ஆறும் களப்பும் மேய்ச்சல் தரையும் சேர்ந்து, இரண்டு கூட்டமும் ஒன்றாக உண்ணக்கூடிய ஒரு சாப்பாட்டைத் தந்திருந்தன.

பழங்காலம் எல்லாமே தேன் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிப்பவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. போடியார் வீட்டு முன்விறாந்தையில் யார் இருக்கலாம், யார் கொல்லைப்பக்கம் நின்று வாங்க வேண்டும் என்பது இருந்தது. தமிழர்களுக்குள் சாதி பார்த்துக் கை நனைத்தார்கள். ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து ஒரே தட்டில் உண்ணும் நாங்களும், நாவிதத் தொழில் செய்த ஒஸ்தா குடும்பங்களைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்தோம். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ் முஸ்லிம் மோதல். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள். ஓகஸ்ட் 11 இரவு ஏறாவூர். செப்டம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர். செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். 2002 ஜூனில் வாழைச்சேனை. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். யார் யாரைக் கொன்றார்கள் என்ற கணக்கைத் திறந்தால் ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வாசித்தார்கள். எங்கள் தலைமுறை பிறந்தபோது பக்கத்து வளவில் பெத்தா இல்லை. அவ எந்த ஊருக்குப் போனா என்று மூத்தும்மாவுக்கும் கடைசி வரை தெரியாது.

நம்பிக்கை போன பிறகு முதலில் சந்தேகத்துக்குள்ளாவது சாப்பாடு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மருந்து கலந்த உணவு கொடுத்தார்கள் என்று வதந்தி கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்து அது வெறும் மாக்கட்டி என்று சொன்னார். ஒரு பிடி மாவுக்காக ஒரு நகரம் எரிந்தது.

போன தவணை வகுப்பில் கேட்டோம்: "உங்களில் எத்தனை பேர் மற்றச் சமூகத்து வீடு ஒன்றில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள்?" மூன்று கைகள் உயர்ந்தன. ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நீங்க?" என்று கேட்டது. கல்வியியற் கல்லூரி விடுதியில் எல்லோருடனும் சாப்பிட்டிருக்கிறோம். அது விடுதிச் சமையல். கிரானில் இத்தனை வருடம் படிப்பித்தும் ஒரு வீட்டுக்குள் இருந்து சோறு தின்றதில்லை. தேத்தண்ணியோடு எழும்பி வந்துவிடுவோம். அந்தப் பிள்ளைக்கு உண்மையைத்தான் சொன்னோம். வெட்கமாக இருந்தது.

கட்டார் மாணவரின் தாயாருக்கு இந்தக் கதை எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. குடும்பத்தோடு வரச் சொன்னா. போனோம். புதிதாக வாங்கிய சட்டியில் மீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பாற்கறி, கடைசியில் தயிர். எங்கள் சின்ன மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்தாள். "இது நாங்க சாப்பிடலாமா வாப்பா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். நாம் தலை குனிந்தோம். அந்த அம்மா சிரித்தா. "மீன்தான் மகள். சட்டியும் புதிசு. சாப்பிடுங்க" என்று மகளின் தட்டில் முள் எடுத்துப் போட்டா.

சாப்பிட்டு முடிய நாம் பழைய ஒன்றைக் கேட்டோம். ஒரு பெருநாளுக்கு அவர்களுக்கு வட்டிலப்பம் அனுப்பியிருந்தோம். நல்லா இருந்ததா என்று. கொஞ்சம் தயங்கி, "அண்டைக்கு வெள்ளிக்கிழமை சேர். நாங்க மரக்கறி. அதில முட்டை இருக்குமே. எடுத்து வச்சு அடுத்த நாள் சாப்பிட்டம்" என்றா.

இத்தனை வருடம் அவர்களுக்கு நடுவில் வேலை செய்கிறோம். வெள்ளிக்கிழமை அவர்கள் மரக்கறி என்பது நமக்குத் தெரிந்திருக்கவில்லை. பெத்தாவுக்கு எங்களைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட எங்களுக்கு அவர்களைப் பற்றித் தெரியாது.

ஆக, தம்பி, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது. அந்தக் காலத்து மனிதர்கள் ஒன்றாக உண்டது, அவர்களிடம் கட்டுப்பாடு இல்லாததால் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் நிறையக் கட்டுப்பாடு இருந்தது. மற்றவரின் கட்டுப்பாட்டை அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். போர் உயிர்களை எடுத்தது, ஊர்களைப் பிரித்தது. அதோடு இந்தச் சின்ன அறிவையும் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. புத்தகத்தில் இல்லாத அறிவு அது. வேலியும் கோப்பையும் இருந்தால்தான் வளரும்.

இதைத் திரும்ப உண்டாக்குவதற்கு மாநாடு தேவையில்லை. கட்டாரில் ஒரு நேபாளத்து அக்கா கேட்ட கேள்வி போதும். இந்த வருடம் பொங்கலுக்கோ பெருநாளுக்கோ கோப்பையை எடுக்கும் முன்னம் அதை ஒருமுறை கேட்டுவிடுவோம். உங்கள் வீட்டு மூத்தவர்கள் இன்னும் இருந்தால், மற்ற வீட்டுக்கு எதை, எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் மூத்தும்மாவிடம் இன்னும் கேட்டிருக்கலாம். இப்போது அவவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. மரக்கறிச் சாப்பாடு. முட்டை இல்லை. கேட்டுவிட்டோம்.