சிவப்பு பல்பும் எங்கள் வீட்டு டிராக்டரும்



ஐப்பசி உழவு நேரத்தில் அண்ணன் போன் செய்தார். "டேய், ஆல்டர்னேட்டர் மாத்தியும் பேட்டரி இறங்கிப் போகுது. தினமும் மேட்டுல நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் பண்றேன். காயலான் கடைக்குப் போட்டுடலாம்."

அப்பா 1974-ல் வாங்கிய மாசி பெர்குசன். நான் அப்போது எட்டாம் வகுப்பு. மனசு கேட்கவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கிய பிறகுதான் நம் பக்கம் அந்த வண்டிகள் பெருகின. அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது டைனமோ. அதில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். மொத்தக் கரண்டையும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடினால் சார்ஜ் ஏறாது. லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுத்ததே 22 ஆம்பியர்தான்.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். காந்தம் சுழலும், அசையாமல் நிற்கும் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆனால் அது ஏசி. பேட்டரிக்கு வேண்டியது டிசி. சிலிக்கான் டயோடு மலிவானதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1960-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரையே பொருத்தி விற்றது. டிராக்டர்களுக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

(இங்கே ஒரு ஒப்புதல். உங்களுக்கெல்லாம் சைக்கிள் டைனமோவைக் காட்டி "இதுதான் டைனமோ" என்று பாடம் நடத்தினேன் அல்லவா? அதற்குள் சுழல்வது காந்தம், வருவது ஏசி. உண்மையில் அது குட்டி ஆல்டர்னேட்டர்!)

சரி, வண்டிக்கு வருகிறேன். பெல்ட் இறுக்கம் சரி, எர்த் சரி. எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12.2 வோல்ட், ஓடும்போதும் அதே 12.2. பதினாலை ஒட்டி ஏறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரே போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் வந்து பார்த்தான். முதல் கேள்வியே, "சார், சார்ஜ் பல்பு எங்கே?" பழைய கட்அவுட் பெட்டியைக் கழற்றியவர்கள் அந்த ஒயரையும் வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் தங்கியிருக்கும். அது தானாக எழும்பும். ஆல்டர்னேட்டரில் தங்குவது போதாது. சாவியைத் திருப்பியதும் அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ரோட்டரைக் காந்தமாக்குகிறது. சார்ஜ் தொடங்கியதும் பல்பின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ், பல்பு அணைந்துவிடும். எச்சரிக்கை விளக்கு என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன்! "ரோட்டுல வேகமா ஓட்டினா ஒருசில நாள் சார்ஜ் ஏறுது" என்று அண்ணன் சொன்னதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. வேகம் கூடினால் அந்த மிச்சக் காந்தமே சில சமயம் போதுமாகிவிடும்.

இரண்டு வாட் பல்பு ஒன்றும் ஒரு முழ ஒயரும் போட்டான். சாவி திருப்பினோம், சிவப்பு எரிந்தது. எஞ்சின் பிடித்தது, அணைந்தது. மீட்டரில் 14.1. கூலி வாங்க மறுத்துவிட்டான்.

அன்று இரவே அண்ணன் விளக்குப் போட்டு மேல்காட்டை உழுதார். காயலான் கடைக்காரர் நம்பரை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.