தோடியின் காந்தாரத்துக்கு எத்தனை வரி?

தோடி ராகத்தின் காந்தாரத்தை நோட்டில் எழுதினால் ஒரே ஓர் எழுத்துதான்: க. வீணையில் அதை வாசிப்பவர் பெரும்பாலும் காந்தாரத்தின் மெட்டில் விரல் வைப்பதே இல்லை. ரிஷபத்தின் மெட்டில் வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மத்யமம் வரை போய்த் திரும்புவார். கேட்கிற நமக்கு அது காந்தாரம். இதே 'க'வை ஒரு கீபோர்டில் அழுத்திப் பாருங்கள். கம்பத்தில் கட்டிய மாடு மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். தோடி வராது.

இசை மென்பொருளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு இருந்த கேள்வி இதுதான். அந்த மாட்டைக் கட்டினது யாரு?

1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் ஒரு நிரல் எழுதினார். ஐபிஎம் 704 கணினியில் அது 17 விநாடி இசையை உருவாக்கியது. அவர் எழுதிய நிரல்களின் வம்சத்தில் வந்ததுதான் 1986இல் எம்ஐடியில் பேரி வெர்கோ உருவாக்கிய சிசவுண்ட். அதில் ஒரு பகுதி வாத்தியங்களைச் சொல்லும், இன்னொன்று சுரப்பட்டியல். எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எந்தச் சுருதி என்று வரிவரியாக இருக்கும். இடையில் 1983இல் மிடி வந்தது. கட்டை அழுத்தப்பட்டது, கட்டை விடப்பட்டது: அதன் உலகம் அடிப்படையில் அவ்வளவுதான். சுருதியை வளைக்க மிடியிலும் வழி உண்டு, இல்லையென்று சொன்னால் அநியாயம். ஆனால் வளைவு அங்கே சுரத்தின் மேல் ஒட்டிய அலங்காரம். நம்ம இசையில் வளைவுதான் சுரம்.

அதே 1983இல் கெவின் கார்ப்லஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் மீட்டிய தந்தியின் ஒலியை உண்டாக்க ஒரு அதிசயமான குறுக்குவழியை வெளியிட்டார்கள். 100 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கண்டபடி. அதை வரிசையாக ஒலிபெருக்கிக்கு அனுப்புங்கள். அனுப்பிய ஒவ்வொரு எண்ணையும் பக்கத்து எண்ணோடு கூட்டி இரண்டால் வகுத்து, வரிசையின் கடைசியில் மறுபடி சேருங்கள். அவ்வளவுதான். இரைச்சலாகத் தொடங்கியது நொடியில் தந்தி மீட்டிய ஒலியாக மாறி மெல்ல அடங்கும். பத்து வரிக்குள் எழுதிவிடலாம். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிக்கல் அடுத்த படியில். நொடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில் 100 எண் கொண்ட வரிசை ஏறத்தாழ 440 ஹெர்ட்ஸ் தரும். கொஞ்சம் கீழே இறங்க வேண்டுமா? வரிசையை 101 ஆக்க வேண்டும். அரைச் சுரத்தை 100 பங்காகப் பிரித்தால் இந்தத் தாவல் ஏறத்தாழ 17 பங்கு. நம் சாஸ்திரம் பிரமாண சுருதி என்று சொல்லும் 81/80 விகிதமே 21.5 பங்குதான். கமகத்தை இப்படித் தாவித் தாவி வாசித்தால் படிக்கட்டில் வண்டி இறங்குகிற மாதிரி இருக்கும். டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே ஆண்டிலேயே இதற்கு வழி சொன்னார்கள். இரண்டு எண்களுக்கு நடுவே பின்னமாக நகர உதவும் ஒரு வடிப்பான். படிக்கட்டு சாய்தளமாகிவிட்டது.

அப்படியும் வரும் ஒலி கிட்டாரைப் போலத்தான் இருக்கும். ஏன் என்பதற்கான பதில் 1921லேயே இருக்கிறது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது தம்பூராவையும் வீணையையும் ஆராய்ந்து எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாத மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. தம்பூராவில் அவையும் பலமாக ஒலித்தன. காரணம் குதிரை. அது கூர்முனை இல்லை, அகன்ற வளைந்த பரப்பு. அதிரும் தந்தி அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. இதைக் கணினியில் நேரடியாகக் கணக்கிட்டு ஒலிக்கச் செய்யும் முயற்சிகள் இன்றும் நடக்கின்றன.

இங்கேதான் கட்டற்ற மென்பொருள் வருகிறது. பூட்டிய மென்பொருளில் பெரும்பாலும் கிடைப்பது கட்டைகளும் குமிழ்களும்தான். உள்ளே போய் 'இந்தச் சுரம் நிற்கக் கூடாது' என்று சொல்ல வழியில்லை. ப்யூர் டேட்டா, 2002இல் கட்டற்ற உரிமத்துக்கு வந்த சூப்பர்கொலைடர், பின்னாளில் அப்படியே வந்த சிசவுண்ட் ஆகியவற்றில் சுரப்பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருதியை ஒரே நீண்ட கோடாக வரையலாம். லினக்ஸில் ஒலி தாமதமாக வரும் தொல்லையை பால் டேவிஸின் ஜாக் பெருமளவு குறைத்தது. 1,024 எண்களைச் சேர்த்து அனுப்பினால் 20 மில்லிநொடிக்கு மேல், 128 என்றால் மூன்றுக்கும் கீழே. மிருதங்கக்காரருக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

எங்கள் செட்டுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. சிங்கம்புணரியில் அதைத் திறந்தவர்கள் குறைவு. திறந்தவர்களும் படம் பார்க்க விண்டோஸுக்கே திரும்பிட்டாங்க. ஆனால் மேலே சொன்ன கருவிகள் எல்லாம் காசில்லாமல் ஓடக்கூடிய ஓர் இயந்திரம் அப்போது வீட்டுக்கு வீடு கிடந்தது.

எங்களூரிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் போனால் காரைக்குடி. வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்த சுப்பராமய்யர், அவர் தம்பி சாம்பசிவய்யர் (1888–1958), இருவரும் சேர்ந்து காரைக்குடி சகோதரர்கள். பெயரிலேயே அந்த ஊரைத் தாங்கிய ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்ரமணியன், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2013இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு என் கேள்வியையே எடுத்துக்கொண்டது: வெறும் சரிகமவைக் கொடுத்தால் கணினி கமகத்தோடு வாசிக்குமா? அவர் வளைவை இரண்டாகப் பிரித்தார். மெதுவாக நகரும் மேடை ஒன்று, அதன்மேல் ஆடும் ஆட்டம் ஒன்று. லான்ஸ் வைஸ் முதலியோருடன் 2011இல் எழுதிய கட்டுரை இன்னும் சுவாரசியம். வர்ணத்தை இரண்டாம் காலத்தில் வாசிக்கும்போது கமகங்கள் பாதியாகச் சுருங்குவதில்லை. சில அசைவுகள் உதிர்கின்றன, சில எளிமையாகின்றன. டேப்பை வேகமாக ஓட்டுவது வேறு, வித்வான் வேகமாக வாசிப்பது வேறு. உலாவியில் ஒலியை நேரத்தோடு கோப்பதற்கு அவர் எழுதிய ஸ்டெல்லர் என்ற நிரலும் திறந்தே கிடக்கிறது.

சென்னையில் எம். சுப்ரமணியனும் காயக என்ற மென்பொருளில் சுரக்குறிப்பைக் கமகத்தோடு ஒலிக்க வைத்தார். அந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஒன்று உறுத்துகிறது. கமகத்தைக் கற்பிக்கக் கணினிக்கு மாதிரி வேண்டும். யாருடைய கை மாதிரியாகிறதோ, அவர் பாணியே மற்ற எல்லோருக்கும் இயல்பான தொடக்கமாகிவிடும். பார்சிலோனாவில் சேவியர் செர்ரா நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் இருந்தது. அதிலிருந்து வந்த சரகா என்ற திறந்த ஒலித்தொகுப்பில் கர்நாடக இசைப் பகுதி பெரும்பாலும் வாய்ப்பாட்டுக் கச்சேரிதான். நாகஸ்வரம் போட்டியிலேயே இல்லை.

ஆனால் மின்னணு ஒலி ஆளை வெளியேற்றிய இடங்களில் நாகஸ்வரக் குழுவும் ஒன்று. ஒத்து ஊதியவரின் இடத்தில் சுருதிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. ஆதார சட்ஜம் நிற்கிற ஒலி. அதைச் செய்ய இயந்திரத்துக்குக் கஷ்டமே இல்லை. சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் வைகாசித் திருவிழாவில் பக்கத்தில் நின்று கேட்டால் தெரியும், சீவாளியில் உதடு அழுத்தும் அழுத்தத்திலும் மூச்சிலும் பிறக்கிற அந்த வளைவுகளுக்கு மெட்டும் கிடையாது, தந்தியும் கிடையாது. கார்ப்லஸ்–ஸ்ட்ராங் வரிசை அதற்கு உதவாது. காற்றுத் தூணுக்கும் நாணல் சீவாளிக்கும் வேறு கணக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கான கருவிகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. வாசிப்பவரிடம் கேட்டு, அனுமதி வாங்கி, பேர் போட்டு, கூலி கொடுத்து, தனித்தனியாகப் பதிவு செய்த ஒலிதான் வேண்டும்.